அந்தச் சதவீதம் யாரோடு ஒப்பிட்டது?

அமெரிக்காவில் பணிப் பாகுபாடு வழக்குப் போட நினைக்கும் பலர் கையில் ஒரு சதவீதத்தோடு வருகிறார்கள்: ஊரில் எங்கள் ஆட்கள் இத்தனை, கம்பெனியில் இவ்வளவுதான். அதை மட்டும் நம்பி நீதிமன்றம் போனால், அந்த வேலைக்குத் தகுதியுள்ளவர்கள் எத்தனை பேர் என்ற முதல் கேள்வியிலேயே வழக்கு ஆட்டம் கண்டுவிடும்.

1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஹேசல்வுட் வழக்கை எடுத்துக்கொள்வோம். மிசௌரியில், செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் பக்கத்துப் பள்ளி மாவட்டம் அது, அதாவது வட்டாரப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு; ஆசிரியர் நியமனத்தில் கறுப்பினத்தவரிடம் பாகுபாடு காட்டியதாக அதன் மேல் வழக்கு. அரசு அமைப்புகளுக்குப் பணிப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் பொருந்தியதே 1972 மார்ச்சில்தான் என்பதால் அதன் பிறகு எடுத்தவர்களைத்தான் எண்ண வேண்டும். இரண்டு கல்வியாண்டுகளில் 405 ஆசிரியர்கள். கறுப்பினத்தவர் 15 பேர். நகரத்தையும் சேர்த்தால் வட்டார ஆசிரியர்களில் கறுப்பினத்தவர் 15.4 சதவீதம். அதன்படி 62 பேர் வந்திருக்க வேண்டும். 405ஐ 0.154ஆலும் 0.846ஆலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம், அதாவது தற்செயலாகவே எண்ணிக்கை கூடிக் குறையும் வழக்கமான அளவு, சுமார் 7.3. குறைவு 47. ஆறு திட்ட விலக்கத்துக்கும் மேல்; தற்செயல் என்று சொல்ல வழியே இல்லை.

நகரப் பள்ளிகள் கறுப்பின ஆசிரியர்களைப் பாதியளவு வைத்திருக்கத் தனி முயற்சி எடுத்தன, அவர்களை எங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றது மாவட்டம். நகரத்தை விட்டால் 5.7 சதவீதம், அதாவது 23 பேர். வித்தியாசம் இரண்டு திட்ட விலக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. வேலைக்கு எடுத்தது அதே 15 பேர்தான்! எந்த வட்டாரம் சரி என்று பார்க்க வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

1978இல் வந்த ஐந்தில் நான்கு விதி பலருக்கும் தெரியும்: ஒரு பிரிவில் தேர்வானவர்களின் விகிதம் அதிகம் தேர்வான பிரிவினுடையதில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் கேள்வி எழும். அது முதல் சல்லடை மட்டுமே. பத்து ஆண்களில் ஐவர், பத்துப் பெண்களில் மூவர் என்றால் பெண்களின் விகிதம் ஆண்களுடையதில் 60 சதவீதம்தான். ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அது தற்செயலாகவும் நேரலாம். இரு பிரிவிலும் ஐயாயிரம் பேர், ஒன்றில் 60 சதவீதமும் மற்றதில் 57 சதவீதமும் தேர்வானால் விதிப்படி கேள்வி எழாது, ஆனால் வித்தியாசம் மூன்று திட்ட விலக்கம்.

சம்பள வழக்கில் சறுக்குவது ரெக்ரஷனில், அதாவது படிப்பு, அனுபவம் போன்ற ஒவ்வொரு காரணியும் சம்பளத்தை எவ்வளவு மாற்றுகிறது என்று பிரித்துப் பார்க்கும் கணக்கில். பதவி நிலையையும் ஒரு காரணியாகச் சேர்த்தால் சம்பள வித்தியாசம் கரைந்துபோகும். பதவி உயர்விலேயே பாகுபாடு இருந்திருந்தால், அந்தக் காரணியே கறைபட்டது. நிபுணரிடம் அதைச் சேர்த்தும் விட்டும் இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இறுதி எண்ணிக்கையை மட்டும் வாங்காதீர்கள். 1982இல் கனெக்டிகட் வழக்கில் எழுத்துத் தேர்வில் வெள்ளையர் 80, கறுப்பினத்தவர் 54 சதவீதம் தேறினர். கடைசியில் பதவி உயர்வில் கறுப்பினத்தவர் விகிதமே அதிகம். அதைக் காட்டித் தேர்வை நியாயப்படுத்த முடியாது என்றது நீதிமன்றம். ஆகவே விண்ணப்பம், தேர்வு, நேர்காணல், நியமனம் என ஒவ்வொரு கட்டத்தின் பட்டியலையும் தேதியோடு கேளுங்கள். தனியார் நிறுவனம் அவற்றை ஓராண்டு வைத்திருந்தாலே போதும்; புகார் பதிவானால்தான் தொடர்புடையவற்றை வழக்கு முடியும்வரை காக்க வேண்டும்.