முத்திரையை நம்பாதீர்கள், உள்ளே பாருங்கள்: போலி சாக்ஸபோன் மவுத்பீஸ்கள்

சென்ற மாதம் ஒரு மாணவர் ஆல்ட்டோ சாக்ஸபோனின் மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் பகுதி) ஒன்றை என் மேசையில் வைத்தார். ஒருவர் பயன்படுத்தியதை வாங்கியிருந்தார். மேல் ஸ்தாயியில் கீச்சிடுகிறது, ரீடை (மவுத்பீஸில் பொருத்தும், ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் தகடு) மாற்றி மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை, தன் உதடுதான் காரணமோ என்று மூன்று மாதமாகத் தன்னையே நொந்துகொண்டிருந்தார். பக்கவாட்டில் செல்மர் நிறுவனத்தின் பெயரும் எஸ்80 சி ஸ்டார் என்ற மாடல் குறியும் பளிச்சென்று இருந்தன. விளக்குக்கு நேராகப் பிடித்துப் பின்துளை வழியே பார்த்தேன். உள் அறை வட்டமாக இருந்தது. அந்த மாடலின் அடையாளமே சதுர அறைதான். அது போலி என்பதற்கு அதுவே போதும்.

இந்த வேலையில் நான் முதலில் கற்றுக்கொண்டது இதுதான்: முத்திரையை யார் வேண்டுமானாலும் பொறித்துவிடலாம், உள்ளே செய்த வேலையை அவ்வளவு எளிதில் நகலெடுக்க முடியாது. விற்பவர் அனுப்பும் படங்களில் பெரும்பாலும் பெயர்தான் பெரிதாகத் தெரியும். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை வேறு: நுனியை நேர் எதிரே வைத்து எடுத்த படம், ரீட் படியும் தட்டைப் பகுதி, ஜன்னல் (ரீடுக்கு அடியில் வரும் திறப்பு), பின்துளை வழியே தெரியும் அறை. நல்ல மவுத்பீஸில் இரு பக்க விளிம்புகளும் ஒரே அகலத்தில், நுனிவரை தடையின்றி ஓடும். நுனி விளிம்பின் வளைவு ரீடின் நுனியோடு பொருந்தும். மலிவுப் போலியில் ஒரு விளிம்பு தடித்து, மற்றொன்று மெலிந்திருக்கும். ஜன்னலின் ஓரத்தில் அச்சு வார்த்த கோடு சீவப்படாமல் நிற்பதும் உண்டு. அந்த மாணவருடையதில் அதை நகத்தாலேயே உணர முடிந்தது.

கைக்கு வந்த பிறகு அளந்து பாருங்கள். ஓட்டோ லிங்க் நிறுவனத்தின் டெனர் சாக்ஸபோன் மவுத்பீஸ், 7 ஸ்டார் அளவு என்றால், நுனித் திறப்பு (நுனிக்கும் ரீடுக்கும் இடையிலான இடைவெளி) 0.105 அங்குலம், அதாவது சுமார் 2.67 மி.மீ. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு முன்பின் இருந்தால் அசலைச் சந்தேகிக்க வேண்டாம். தொழிற்சாலையில் அது நடப்பதுதான். 0.120 காட்டினால் விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள். அது போலியாக இருக்கலாம், அல்லது யாரோ விளிம்பைத் தேய்த்து மறுசீரமைத்த அசலாக இருக்கலாம். மறுசீரமைத்தது நன்றாகவே ஒலிக்கக்கூடும். ஆனால் அதைச் சொல்லாமல் அசல் நிலையில் உள்ளதாக விற்பதும் ஏமாற்றுதான்.

உலோக மவுத்பீஸை எடைபோடுவது பயன் தரும். பித்தளைக்குப் பதிலாக மலிவுப் போலிகளில் வரும் துத்தநாகக் கலவை பித்தளையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எடை குறைவு. ஆனால் அதே மாடலின் நிச்சயமான அசல் ஒன்றோடுதான் ஒப்பிட வேண்டும். ஆழமான கீறலையும் கவனியுங்கள். பித்தளை என்றால் அடியில் மஞ்சள் தெரியும். வெள்ளி அடிப்பூச்சு வெளுப்பாகத் தெரியும் என்பதால் மேலோட்டமான தேய்மானத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மங்கிய சாம்பல் நிறமும், பூச்சு கொப்புளம் கட்டியிருப்பதும் சேர்ந்து தெரிந்தால் நான் வாங்கமாட்டேன்.

உலோகமல்லாத மவுத்பீஸ்கள் பல எபோனைட்டில் செய்தவை; அது கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பர். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் பெரும்பாலும் கந்தக வாசனை வரும். வெளிச்சத்தில் வருடக்கணக்கில் கிடந்தால் பச்சை கலந்த பழுப்பாக மாறும். ஐம்பது ஆண்டு பழையது என்று சொல்லும் எபோனைட் எங்குமே நிறம் மாறாமல் கருகருவென்று இருந்தால் எப்படிப் பாதுகாத்தார்கள் என்று கேளுங்கள். தயவுசெய்து வெந்நீரில் போட்டோ சூடான ஊசியால் குத்தியோ சோதிக்காதீர்கள். அசலாக இருந்தால் நீங்களே அதைக் கெடுத்துவிடுவீர்கள்.

விற்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களிடம் போலி இருப்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். விளம்பரம் எழுதுமுன் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே எழுதுங்கள். யாரிடம், எப்போது வாங்கினீர்கள், விளிம்பில் யாராவது கை வைத்தார்களா என்பதையும் சேருங்கள். இந்த விவரங்களைச் சொல்ல மறுப்பவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

அந்த மாணவர் தான் கொடுத்த பணத்தை வேறொருவர் தலையில் கட்டி மீட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. முத்திரையை உரசி அழித்து என்னிடமே கொடுத்துவிட்டார். வாங்கப் போகிறவர்கள் ஆலோசனை கேட்டு வரும்போது, ஓர் அசல் எஸ்80-ஐயும் அதையும் அருகருகே வைத்து, இரண்டின் பின்துளை வழியேயும் பார்க்கச் சொல்கிறேன்.