"ஏன் உள்ளே வந்தீர்கள்?": பிடிபட்ட கப்பலிடம் நடுநிலை நாடு கேட்கவேண்டிய கேள்வி

கடல்சார் சட்டத்தில் வேலை பார்ப்பவன் என்பதால், கப்பலில் மகனையோ கணவனையோ அனுப்பியவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. "போரில் இருக்கும் நாடு கப்பலைப் பிடித்து, போரில் சேராத வேறொரு நாட்டுத் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், அந்த நாடு நம்ம பிள்ளைகளை விட்டுவிடுமா சார்?" நமக்கேன் வம்பு என்று அந்த நாடு ஒதுங்கிக்கொள்ளும் என்றே பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒதுங்கி நின்றால்தான் நடுநிலை கெடும்.

கடற்போரில் நடுநிலை நாடுகளின் உரிமைகள், கடமைகள் பற்றிய 1907ஆம் ஆண்டின் 13ஆவது ஹேக் உடன்படிக்கையில் இதற்கென்றே விதிகள் உண்டு. பிடிபட்ட கப்பல் நடுநிலைத் துறைமுகத்துக்குள் வர 21ஆவது பிரிவு ஏற்கும் காரணங்கள் கொஞ்சம்தான்: கப்பல் ஓடும் நிலையில் இல்லை, கடல் கொந்தளிப்பு, எரிபொருள் இல்லை, உணவுப்பொருள் இல்லை. காரணம் தீர்ந்ததும் கிளம்பிவிட வேண்டும். கிளம்பாவிட்டால் அந்த நாடு வெளியேறச் சொல்ல வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் கப்பலையும் அதன் மாலுமிகளையும் விடுவித்து, பிடித்துவந்த படையாட்களைத் தடுப்புக்காவலில் வைக்க வேண்டும். இந்தக் காரணம் எதுவும் இல்லாமலே உள்ளே வந்திருந்தாலும் விடுவிக்க வேண்டும் என்கிறது 22ஆவது பிரிவு. கவனியுங்கள், 'விடுவிக்கலாம்' என்றில்லை, 'வேண்டும்' என்றுதான் இருக்கிறது. (கடற்கொள்ளையர் பிடித்த கப்பலுக்கு இது பொருந்தாது. அதற்குச் சட்டம் வேறு.)

இதை நோர்வே செய்துகாட்டிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1939 அக்டோபர் 9 அன்று 'சிட்டி ஆஃப் ஃபிளின்ட்' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை ஜெர்மனியின் 'டாய்ச்லாண்ட்' போர்க்கப்பல் பிடித்து, தன் ஆட்களை அதில் ஏற்றியது. அப்போது அமெரிக்காவும் நடுநிலைதான், நோர்வேயும் நடுநிலைதான். கப்பல் முதலில் நோர்வேயின் ட்ரோம்சோவுக்கு வந்தது. நோர்வே அதைத் தங்கவிடவில்லை. அங்கிருந்து சோவியத் துறைமுகமான மூர்மான்ஸ்க்குக்குப் போனது. எந்திரக் கோளாறால் வந்ததாக அங்கே காரணம் சொல்லப்பட்டது. சோவியத் அதிகாரிகள் ஜெர்மானியர்களை முதலில் தடுத்துவைத்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள்.

திரும்பி வரும் வழியில் கப்பல் நோர்வேயின் ஹாகசுண்டில் நங்கூரம் போட்டது. கப்பலில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்பது ஜெர்மன் தரப்பு சொன்ன காரணம். 21ஆவது பிரிவின் பட்டியலில் நோய் இல்லை. நோர்வே அதை ஏற்கவில்லை. நவம்பர் 3ஆம் தேதி இரவு 'ஓலாவ் ட்ரிக்வாசன்' என்ற கடற்படைக் கப்பலின் வீரர்கள் ஏறி ஜெர்மானியர்களைக் காவலில் எடுத்தார்கள். கப்பல் அமெரிக்க கேப்டன் கைக்கே திரும்பியது. ஜெர்மனி கண்டித்தும் நோர்வே அசையவில்லை. பக்கத்தில் அவ்வளவு பெரிய ராணுவத்தை வைத்துக்கொண்டு ஒரு சின்ன நாடு இப்படி நின்றதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

அதற்கு முன்னோடி 'அப்பாம்' வழக்கு. 1916 ஜனவரியில் மதீரா தீவுகள் பக்கம் 'மோவே' என்ற ஜெர்மன் கப்பல் இந்த பிரிட்டிஷ் பயணிகள் கப்பலைப் பிடித்தது. ஹான்ஸ் பெர்க் என்ற அதிகாரி அதை மூவாயிரம் மைலுக்கு மேல் ஓட்டி அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குக் கொண்டுவந்தார். பயணிகளும் மாலுமிகளும் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் கப்பலை அங்கேயே நிறுத்திவைக்க உரிமை உண்டு என்று பிரஷ்யாவுடன் (ஜெர்மனி ஒரே நாடாவதற்கு முன்பிருந்த ஜெர்மானிய அரசு) அமெரிக்கா செய்த பழைய ஒப்பந்தத்தைக் காட்டி ஜெர்மனி வாதாடியது. போர்க்கப்பல் துணையில்லாமல் வந்த ஒரு கப்பலைக் காலவரையின்றி நிறுத்திவைக்க அந்த ஒப்பந்தம் இடம் தரவில்லை என்று சொல்லி, கப்பலை உரிமையாளரிடம் கொடுக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேதி 1917 மார்ச் 6. அமெரிக்கா போரில் இறங்கியது அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து. நடுநிலை நாடாக இருந்தபோதே சொன்ன தீர்ப்பு என்பதால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு.

ஹேக் உடன்படிக்கையில் எனக்கு உறுத்தும் ஓர் இடம் 23ஆவது பிரிவு. பிடித்த நாட்டின் நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை கப்பலைத் தன் துறைமுகத்தில் வைத்துக்கொள்ள நடுநிலை நாடு அனுமதிக்கலாம் என்கிறது அது. போரிடும் ஒரு தரப்புக்கு இலவசமாக வண்டி நிறுத்த இடம் கொடுத்ததுபோல் ஆகிவிடும். அமெரிக்கா இந்தப் பிரிவை ஏற்காமல் விலக்கிவைத்தது. அது சரி என்பதே என் எண்ணம். ஆகவே எந்தத் துறைமுகம், அந்த நாடு எந்தப் பிரிவை ஏற்றிருக்கிறது என்று பார்க்காமல் குடும்பத்துக்கு நான் உறுதி எதுவும் சொல்வதில்லை.

மாலுமிகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சட்டம் ஏற்கும் காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் சாட்சி உங்கள் கப்பலிலேயே இருக்கிறது. டாங்கில் எத்தனை டன் எண்ணெய் மிச்சம் என்பது சீஃப் இன்ஜினியருக்குத் தெரியும். அரிசியும் தண்ணீரும் எத்தனை நாளைக்கு வரும் என்பது சமையல்காரருக்குத் தெரியும். காற்றும் அலையும் எப்படி இருந்தன என்பது லாக் புத்தகத்தில் இருக்கும். ஆயுதம் வைத்திருப்பவரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள், பதிவுகளை மறைத்து எடுக்கப் போய் உயிரைப் பணயம் வைக்காதீர்கள். ஆனால் துறைமுக மருத்துவரோ சுங்க அதிகாரியோ ஏறிவந்து உங்களிடம் தனியாகக் கேட்டால், எண்ணெய் எவ்வளவு, உணவு எவ்வளவு, எந்திரம் ஓடுகிறதா என்பதை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தரும்படியும் அவரிடமே கேளுங்கள்.