"நாக்கு செத்துப்போச்சு" என்று சொல்லுமுன்

இந்த மாதமும் அதே கதை வந்துவிட்டது. மகன் கைத்தொலைபேசியை நீட்டுகிறார். அதில் அம்மாவின் மதியச் சாப்பாடு: வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணம், வெள்ளைக் கஞ்சி, மேலே கொஞ்சம் தயிர். "நாக்கு செத்துப்போச்சு டாக்டர், எதைக் கொடுத்தாலும் ரெண்டு வாய்தான்." (நான் டாக்டர் இல்லை, உணவியல் நிபுணர். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.) எடை இறங்கிக்கொண்டே போகிறது. பலதுறை மருந்தகத்தில் ரத்தம் பார்த்தாயிற்று, பல் பார்த்தாயிற்று, மாத்திரைகளை ஒவ்வொன்றாக அலசியாயிற்று. வீட்டில் விலை உயர்ந்த சத்துப் பால்மாவு டின்கள் அடுக்கியிருக்கின்றன, ஒன்றைக்கூட அம்மா முடித்ததில்லை.

எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று கேட்டேன். கட்டிலில்தானாம். கைக்கெட்டும் தூரத்தில் கழிவறை நாற்காலி. டிவி சத்தமாக ஓடும். பதினொன்றரைக்கே சாப்பாடு, ஏனென்றால் பணிப்பெண்ணுக்கு அப்புறம் வேறு வேலை இருக்கிறது. கூட யாராவது சாப்பிடுவார்களா? "நாங்க எல்லாரும் வேலைக்குப் போயிடுவோம்." ஆனால் தீபாவளிக்கு மகள் வீட்டுக்குப் போனபோது இதே அம்மா மூன்று இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிட்டிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு மகன் ஒரு தீர்ப்பும் சொன்னார் பாருங்கள்: "அப்போ எல்லாம் மனசுதான். நல்லாத்தான் இருக்காங்க, அடம் பிடிக்கிறாங்க."

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமை போகிறது. (அடையாளம் தெரியாமலிருக்கச் சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன், ஆனால் இப்படிப் பேசுகிற குடும்பங்களுக்குக் குறைவே இல்லை.) மனசு காரணம் என்றால் நடிப்பு என்று எப்படி முடிவுக்கு வருகிறோம்? நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (கறிச்சாறு, காளானில் வரும் சுவை) தெரியும், அவ்வளவுதான். நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளியில் வரைந்த நாக்குப் படமும் தப்பு, அதை இன்னும் சிலர் எனக்கே பாடம் எடுக்கிறார்கள். மீதி எல்லாவற்றையும் மூக்கு, கண், காது, நினைவு, எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்து மூளையில்தான் சமைக்கின்றன. நமுத்துப்போன அப்பளத்தில் உப்பும் உளுந்தும் அப்படியேதான் இருக்கின்றன, ஆனால் யார் தொடுவார்கள்? 2004ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரே மாதிரி உருளைக்கிழங்குச் சிப்ஸைக் கடிக்கவிட்டு, கடிக்கும் ஓசையை மட்டும் காதொலிக்கருவியில் கூட்டிக் குறைத்துக் காட்டினார்கள். ஓசை கூடியபோது சிப்ஸ் புதிதாகவும் மொறுமொறுப்பாகவும் இருப்பதாகச் சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். பிரான்ஸின் போர்டோ நகரில் நடந்து 2001ல் வெளியான ஆய்வு இன்னும் வேடிக்கை: ஒயின் பற்றியே படிக்கும் 54 மாணவர்களுக்கு, வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதன் மணத்தை விவரித்தது சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களில்.

சரி, அதெல்லாம் ஏமாந்துபோனவர்கள் கதை என்பீர்கள். 2008ல் கலிஃபோர்னியாவில் ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் இன்னொருமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் குடிக்கவைத்து, அந்த நேரத்தில் மூளையை ஸ்கேன் செய்தார்கள். 90 டாலர் என்றபோது, இன்பத்தைப் பதிவு செய்கிற பகுதி கூடுதலாக வேலை செய்தது. அதாவது அவர்கள் பிடித்த மாதிரி பாசாங்கு செய்யவில்லை, உண்மையிலேயே கூடுதலாக ரசித்தார்கள். இதையே திருப்பிப் பாருங்கள். கழிவறை நாற்காலிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் கஞ்சி உண்மையிலேயே ருசி குறைந்த கஞ்சி. அந்த அம்மா நடிக்கவில்லை. மகள் வீட்டிலும் நடிக்கவில்லை.

அப்புறம், "சின்னத் தட்டில் போட்டால்", "பெரிய கிண்ணத்தில் ஊற்றினால்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்புகளை என்னிடம் கொண்டு வராதீர்கள். அவற்றில் பல அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரே ஆய்வகத்திலிருந்து வந்தவை. அங்கே எழுதப்பட்ட கட்டுரைகள் பலவற்றை ஆய்விதழ்களே திரும்பப் பெற்றுவிட்டன, பல்கலைக்கழகமும் 2018ல் ஆய்வு முறைகேடு நடந்ததை உறுதி செய்தது. எங்கள் துறையில் இதை நினைத்தால் இன்னும் வாய் கசக்கும்.

சேர்ந்து சாப்பிட்டால் கூடச் சாப்பிடுவோம் என்பது அப்படியில்லை, அது திரும்பத் திரும்பத் தென்பட்ட விஷயம். எடை குறைக்க வருகிறவர்களிடம் இதையே எச்சரிக்கையாகச் சொல்கிறேன், வயதானவர்களுக்கு மருந்தாகச் சொல்கிறேன். வேலைக்குப் போகிறீர்கள், புரிகிறது. இரவுச் சாப்பாட்டுக்காவது அவரை மேசைக்குக் கூட்டி வாருங்கள். மதியம் பணிப்பெண் எங்கே சாப்பிடுகிறார்? பெரும்பாலும் சமையலறையில், அதுவும் தனியாக. தயவுசெய்து அவரையும் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள், அவருக்கும் அது மரியாதை. சக்கர நாற்காலியில் கூட்டிப்போக முடிந்தால் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காப்பிக்கடைக்கு வாரம் ஒருமுறை போங்கள். அங்கே ஆற்றிக் கொடுக்கும் தே தாரிக் பால் தேநீரின் நுரையும், பக்கத்து மேசைப் பேச்சும், தோசைக்கல்லில் எண்ணெய் போடும் சத்தமும் பால்மாவு டின்னில் வராது.

வெள்ளைத் தட்டில் தயிர்சாதத்தைப் போட்டுவிட்டு, பார்வை மங்கியவர் மிச்சம் வைக்கிறார் என்று கோபப்படாதீர்கள். சிவப்பு, நீலம் என்று எடுப்பான நிறத்தில் தட்டு வாங்குங்கள். முற்றிய மறதி நோயாளிகளிடம் 2004ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் வெள்ளைத் தட்டுக்கும் கோப்பைக்கும் பதிலாகப் பளிச்சென்ற சிவப்பு நிறத்தில் கொடுத்தபோது, சாப்பாடு 25 விழுக்காடும் பானம் 84 விழுக்காடும் கூடின. ஒன்பது பேரிடம் மட்டும் செய்த சின்ன ஆய்வுதான். ஆனால் ஒரு தட்டு வாங்க எத்தனை வெள்ளி ஆகிவிடப் போகிறது?

மாத்திரையைப் பொடித்துப் பிடித்த பாயசத்தில் கலப்பவர்களுக்குக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: நிறுத்துங்கள். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது, மருந்தாளரைக் கேட்காமல் தொடாதீர்கள். அது போக, கசப்பும் குமட்டலும் பாயசத்தின் பேரில் பதிந்துவிடும், அப்புறம் பாயசமும் வேண்டாம் என்பார். புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். சிகிச்சைக்குச் சற்று முன் புதுச் சுவை ஐஸ்கிரீம் சாப்பிட்ட குழந்தைகள் பிறகு அதை ஒதுக்கியதை 1978லேயே காட்டிவிட்டார்கள். ஆசைப்பட்ட பிரியாணியைச் சிகிச்சை நாளன்று வாங்கிக் கொடுத்து அதற்கு எதிரியாக்கிவிடாதீர்கள், உடம்பு தேறிய நாளில் கொடுங்கள்.

பரிமாறும்போது "இதுல உப்பு இல்ல, உங்களுக்கு இதுதான்" என்று அறிவிக்காதீர்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், கேட்காதபோது "சுண்டைக்காய் வறுத்திருக்கு, சூடா இருக்கு" என்று ஆரம்பியுங்கள். உப்பைக் குறைத்தால் புளி, மிளகு, கறிவேப்பிலைத் தாளிப்பு எல்லாம் இருக்கிறதே, மணம் எழும்பினால் பாதி வேலை முடிந்தது.

இதெல்லாம் உடம்பைப் பரிசோதித்த பிறகு செய்யவேண்டியவை, அதற்குப் பதிலாக அல்ல. 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் தானாக 3 கிலோவுக்கு மேல் இறங்கினால் முதலில் மருத்துவரிடம் போங்கள். சாப்பிடும்போது இருமினாலும், புரையேறினாலும், சாப்பிட்ட பிறகு குரல் சளி கட்டியது போல் ஒலித்தாலும் தட்டு, மேசை எதையும் மாற்றிப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், விழுங்கும் திறனைச் சோதிக்க வேண்டும் என்று உடனே கேளுங்கள்.