சட்டக் கல்லூரிப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு

“மிஸ், எனக்கு எல்லாம் தெரியும். ஆனா பேப்பரைத் திருப்பின உடனே ஒன்றும் ஞாபகம் வரேல்லை.”

மூதூர்ப் பக்கத்திலிருந்து என்னைத் தேடி வந்த ஒரு பிள்ளை இப்படித்தான் தொடங்கினாள். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையை ஒருமுறை எழுதித் தவறவிட்டு, இரண்டாம் முறைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். திருகோணமலையில் உளவளத்துணையாளராக வேலை செய்யும் எனக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று பிள்ளைகளாவது இதையே சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

கொழும்பு புதுக்கடையில் இருக்கும் இலங்கைச் சட்டக் கல்லூரியின் வரலாறு 1874இல் தொடங்குகிறது. அதற்குள் போவதற்கான பரீட்சையில் மொழிக்கு ஒரு வினாத்தாள், பொது அறிவுக்கும் நுண்ணறிவுக்கும் இன்னொன்று. தமிழிலேயே எழுதலாம். படிப்பும் பரீட்சைகளும் ஆங்கிலத்தில் மட்டும் என்று கொண்டுவந்த விதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் நிராகரித்துவிட்டது. இன்றும் அந்தப் பயத்தில் விண்ணப்பிக்காமலே நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். அந்தந்த வருட அறிவித்தலை நீங்களே முழுதாக வாசியுங்கள், வாய்வழிச் செய்தியை நம்ப வேண்டாம்.

சரி, தெரிந்தது ஏன் மறக்கிறது? பரீட்சைப் பதகளிப்பில் இரண்டு பகுதிகள் உண்டு என்று 1967இலேயே லீபர்ட், மொரிஸ் என்ற ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று உடம்பின் படபடப்பு: நெஞ்சிடி, கை வேர்ப்பது, வயிற்றைப் பிரட்டுவது. மற்றது மனதில் ஓடும் கவலை. பிள்ளைகள் முதலாவதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். புள்ளியைக் கூடுதலாகக் குறைப்பதோ இரண்டாவது.

ஒரு நுண்ணறிவுக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். 3, 7, 15, 31, அடுத்தது என்ன? இருமடங்காக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும், விடை 63. இதைக் கண்டுபிடிக்கும்வரை நாலு எண்களையும் அவற்றின் இடைவெளிகளையும் மனதில் ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும். அப்படிப் பிடித்து வைக்கும் இடம் எல்லோருக்கும் சின்னது. “போனமுறை மாதிரி ஆகிவிடுமோ, அப்பாவுக்கு என்ன சொல்வேன்” என்ற எண்ணமும் அதே இடத்தில் வந்து குந்திக்கொள்கிறது. பிறகு எண்களுக்கு எங்கே இடம்? வெளியே வந்து கடலைப் பார்த்தபடி நிற்கும்போது விடை தானாக வருவதும் அதனால்தான். படித்தது எங்கும் போகவில்லை.

ஆகவே அந்தப் பிள்ளையிடம் இன்னும் கூடப் படி என்று நான் சொல்லவில்லை. அவள் பொது அறிவுக் குறிப்புகளை ஐந்து தடவை வாசித்திருந்தாள், ஆனால் ஒரு முழுப் பேப்பரைக்கூட நேரம் வைத்துச் செய்ததில்லை. வாசித்ததையே திரும்ப வாசிப்பது தெரியும் என்ற நினைப்பைத் தரும், அவ்வளவுதான். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதே மனதில் நிற்கும். வீட்டில், விளக்கடியில், தேநீரோடு செய்யாமல் பொது நூலகத்தில் முன்பின் தெரியாதவர்கள் நடுவே, மணிக்கூட்டை மேசையில் வைத்து, கடந்தகால வினாத்தாள்களைச் செய்யச் சொன்னேன். முதல் இரண்டு தடவையும் கை நடுங்கியது என்றாள். நல்லது, நடுங்கட்டும் என்றேன். நடுக்கத்தோடு எழுதப் பழகுவதும் படிப்பில் சேர்த்திதான்.

ஒரு கேள்வியில் சிக்கினால் அடையாளம் போட்டுவிட்டு நகர வேண்டும். பேனையை வைத்து, மூச்சை உள்ளே எடுத்ததைவிட மெதுவாக, நீளமாக வெளியே விட வேண்டும். நாலைந்து தடவை போதும், இதயத்துடிப்பு தணியும். ஆனால் இதையும் முன்கூட்டியே பழக வேண்டும், மண்டபத்தில் முதன்முறையாகச் செய்து பார்த்தால் கைகொடுக்காது.

அப்புறம், பரீட்சைக்குச் சற்று முன் பத்து நிமிடம் மனதில் உள்ள பயத்தையெல்லாம் ஒரு தாளில் கொட்டி எழுதுவது. ரமிரெஸ், பைலொக் என்ற இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பதகளிப்புக் கூடிய மாணவர்கள் இப்படி எழுதியபின் முன்னேறினார்கள். எல்லோருக்கும் ஒரே அளவில் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். செலவில்லாதது, செய்து பாருங்கள்.

பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் முதல்முறை இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், பொட்டுத் தூக்கமில்லாமல் நேரே மண்டபத்துக்குப் போயிருந்தாள். இங்கிருந்து போகும் பிள்ளைகள் பலரும் செய்வது இதைத்தான். தூங்காத மூளைக்கு நுண்ணறிவுப் பேப்பர் கொடுமை. முடிந்தால் முதல்நாள் பகலிலேயே போய்விடுங்கள். உறவினர் வீடோ தோழி வீடோ, கூச்சப்படாமல் கேளுங்கள்.

தயவுசெய்து மற்றவருடைய குளிசையை வாங்கிப் போடாதீர்கள். படபடப்புக்கென்று கைமாறும் ப்ரொப்ரனலோல் ஆஸ்துமா உள்ளவருக்கு உயிராபத்து. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்றால் மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு வாருங்கள், அல்லது 1926 என்ற உளநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துப் பேசுங்கள்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். பேப்பர் முடிந்து பிள்ளை போன் எடுத்தால் முதலில் “சாப்பிட்டியா?” என்று கேளுங்கள். “எப்படிச் செய்தாய்?” என்பதை வீட்டுக்கு வந்தபிறகு அவளே சொல்வாள்.