வானை வெட்டும் முன் புத்தகத்தைத் திருத்துங்கள்

பழைய டொல்பின் (டொயோட்டா ஹைஏஸ்) வான் ஒன்றை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் பொருத்தி நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் ஓட்ட வேண்டும் என்ற ஆசை திருகோணமலையில் பலருக்கு உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் கராஜில் கிரைண்டர் ஓடத் தொடங்கிய பிறகுதான் காகிதம் நினைவுக்கு வருகிறது.

சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். வாகனம் அதன் பதிவுப் புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் வீதியிலும் இருக்க வேண்டும். உடலமைப்பையோ இருக்கைகளையோ நிறையையோ மாற்றுவதென்றால் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சட்டம் இவ்வளவுதான், மிச்சமெல்லாம் அலைச்சல்.

அதிகம் பேர் மாட்டுவது இருக்கைக் கணக்கில். பி வகுப்பு சாரதி அனுமதிப்பத்திரம் சாரதியோடு சேர்த்து 9 இருக்கைக்குள் அடங்கும் வாகனத்துக்கு மட்டும். அதற்கு மேல் 33 வரை டி1 வேண்டும். 14 இருக்கை வானில் இருந்து 11ஐக் கழற்றிவிட்டால் இது சின்ன வாகனம் என்று நாம் நினைக்கிறோம். பொலிஸ்காரர் எண்ணிப் பார்ப்பது இருக்கையை அல்ல, புத்தகத்தில் உள்ள எண்ணை. அதில் 14 என்று இருக்கும் வரை உங்கள் பி வகுப்பு அந்த வானுக்குப் போதாது. லொறியைக் கேம்பர் (தங்கிப் பயணிக்கும் வாகனம்) ஆக்குகிறவர்கள் மொத்த நிறையையும் பாருங்கள். 3,500 கிலோவைத் தாண்டினால் சி1 வகுப்பு.

அடுத்தது பினான்ஸ், அதாவது தவணைக் கடனில் எடுத்த வான். மாதாமாதம் கட்டுவது நீங்கள், ஆனால் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று பதிந்திருப்பது கடன் கொடுத்த கம்பனி. மூலப் புத்தகமும் அவர்களிடம்தான். உங்கள் கையில் இருக்கும் போட்டோ பிரதியைக் கொண்டு கவுண்டருக்குப் போனால் "கம்பனிக் கடிதம் எங்கே?" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புவார்கள். கம்பனிக்குப் போனால் "முதலில் திணைக்களத்தில் கேட்டுக்கொண்டு வாங்கோ" என்பார்கள். உப்புவெளிப் பக்கம் ஒருவர் இப்படியே இரண்டு பக்கமும் நடந்துகொண்டிருக்க, பாதி வெட்டிய வான் கராஜ் வாசலில் மழையில் நனைந்து தரையெல்லாம் துருப்பிடித்தது. கடிதத்தை முதலில் எழுத்தில் வாங்குங்கள். வாங்கும்வரை கராஜ்காரருக்கு முற்பணம் கூடக் கொடுக்க வேண்டாம்.

அலுவலகம் என்றால் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள திணைக்களத்தின் மாவட்டக் கிளைக்குத்தான் எல்லோரும் முதலில் போகிறோம். போவது சரி, ஆனால் உங்கள் வேலை அங்கே முடியுமா, கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டுமா, வாகனத்தையும் கொண்டு போக வேண்டுமா என்று அங்கேயே தெளிவாகக் கேளுங்கள். பதில் சொன்னவரின் பெயரையும் பதவியையும் குறித்துக்கொள்ளுங்கள். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், விடிய வரிசையில் நின்று, ஒரு பிரதி குறைகிறது என்று திரும்பி வருவதைப் போல எரிச்சல் வேறில்லை. புறப்படும் முன் அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு எடுத்துத் தேவையான ஆவணங்களைத் தமிழிலேயே கேளுங்கள்.

சிங்களத்தில் மட்டும் படிவத்தை நீட்டினால் பேசாமல் ஒப்பமிடாதீர்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிருவாக மொழி, அது அரசியலமைப்பில் உள்ள உரிமை. கோப்பு மாதக்கணக்கில் அசையவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கோப்பின் நிலையைக் கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். கடிதம் கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்காமல் வெளியே வராதீர்கள்.

காப்புறுதியிலும் ஒரு பொறி இருக்கிறது. தனிப்பட்ட பாவனைக்கு எடுத்த காப்புறுதியோடு வெள்ளைக்காரருக்கு நாட்கூலிக்கு வானைக் கொடுத்து, விபத்து நடந்தால் நட்டஈடு மறுக்கப்படலாம். பதியாத மாற்றமும் காப்புறுதிக் கம்பனிக்கு நல்ல சாட்டு. புத்தகம் திருந்தியதும் அதன் பிரதியைக் காப்புறுதிக்காரருக்குக் கொடுத்து எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வாடகைக்கு விடுவதென்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓட்டப்போகிறவர் வெளிநாட்டவர் என்றால், அவருடைய அனுமதிப்பத்திரம் இலங்கையில் செல்லுமா என்று திறப்பைக் கொடுக்கும் முன்பே பாருங்கள்.

கூரையில் கூடாரமோ தாங்கியோ ஏற்றினால் உயரம் மாறும். அதை அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். கோணேஸ்வரத்துக்கு ஏறும் வழி பிரெட்ரிக் கோட்டையின் பழைய கல் வாசலுக்குள்ளால்தான். சந்தேகமென்றால் வானை வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள், கோட்டைக்குள் மான்களையும் பார்க்கலாம். கந்தளாய், ஹபறணைப் பக்கம் இருட்டிய பிறகு யானை வீதிக்கு வரும், பாரம் ஏறிய வான் சட்டென்று நிற்காது. அந்தப் பாதையைப் பகலிலேயே ஓடி முடியுங்கள்.