பசுமைத் தீர்ப்பாயத்தில் மனு: முதலில் நாளைக் கணக்கிடுங்கள்

ஆற்றில் ஆலைக்கழிவு கலக்கிறது, ஏரி குப்பைமேடாகிறது, ஊர் ஓரத்தில் அனல்மின் நிலையத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். இவற்றுக்கு நியாயம் கேட்கும் இடம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டு வழக்குகளைச் சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வு விசாரிக்கிறது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதில்லை. பாதிக்கப்பட்டவர் நேரில் வாதாடலாம்.

நல்ல வழக்குகள்கூடத் தோற்பது பெரும்பாலும் காலவரம்பில்தான். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்று வெவ்வேறு கெடுக்கள் உண்டு. மாசைத் தடுக்கக் கேட்கும் மனு (பிரிவு 14) என்றால் ஆறு மாதம். இழப்பீடோ, கெட்ட இடத்தைச் சீரமைக்கவோ கேட்டால் (பிரிவு 15) ஐந்து ஆண்டு. ஒரு திட்டத்துக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு (பிரிவு 16) என்றால் வெறும் 30 நாள். தக்க காரணம் காட்டினால் மூன்றிலும் மேற்கொண்டு 60 நாள் வரை கிடைக்கும். அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை.

ஆறு மாதம் எப்போது தொடங்குகிறது? பிரச்சினை 'முதன்முதலாக' எழுந்த நாளிலிருந்து என்கிறது சட்டம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களும் இந்தக் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். புகார் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள், ஆனால் காத்திருக்காதீர்கள். சுற்றுச்சூழல் அனுமதி விஷயத்தில் 30 நாள் என்பது உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து. அனுமதி பெற்றவர் உள்ளூர் நாளிதழ்கள் இரண்டில் அதை விளம்பரம் செய்ய வேண்டும், அதில் ஒன்று தாய்மொழி இதழாக இருக்க வேண்டும். அந்த விளம்பரத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது 1,000. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை.

நீர், காற்று, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, வனப் பாதுகாப்பு, பல்லுயிர்ச் சட்டம் உட்பட ஏழு சட்டங்கள்தான் தீர்ப்பாயத்தின் எல்லை. வனவிலங்குச் சட்டம் அதில் இல்லை.

காலநிலை மாற்றத்தைப் பொதுவாக முன்வைத்த மனு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உத்தராகண்டைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ரிதிமா பாண்டே 2017-இல், காலநிலை மாற்றத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்தின் கடமைகளை அரசு நிறைவேற்றவில்லை என்று வழக்குப் போட்டார். அனுமதி தரும்போதே காலநிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்று சொல்லி 2019-இல் தீர்ப்பாயம் அதைத் தள்ளுபடி செய்தது. அந்தச் சிறுமியின் கேள்வி நியாயமானது. அந்தப் பதில் போதாது என்பதே எங்கள் கருத்து. ஆனால் அந்தப் பதிலையே நாம் பிடித்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட ஒரு அனுமதி உத்தரவை எடுத்து, அதன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் கரியுமிழ்வு எங்கே கணக்கிடப்பட்டது, வெள்ள அபாயம் எந்தப் பக்கத்தில் ஆராயப்பட்டது என்று கேளுங்கள். நீடித்த வளர்ச்சி, முன்னெச்சரிக்கை, மாசு செய்தவரே செலவை ஏற்பது என்ற மூன்று கோட்பாடுகளையும் பின்பற்றித்தான் உத்தரவிட வேண்டும் என்று பிரிவு 20 தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்துகிறது. மனுவில் அதைக் குறிப்பிடத் தவறாதீர்கள்.

தீர்ப்பு பாதகமாக வந்தால் உச்ச நீதிமன்றம் போக 90 நாள்.