கம்பியை விட்டுக் கழலாத கெபாப்

கைமாவைக் கம்பியில் பிடித்து வைத்து, தணலில் காட்டி இரண்டு நிமிடம் ஆகவில்லை. பாதி கெபாப் கரிக்குள் விழுந்து கிடந்தது. என் முதல் முயற்சி அப்படித்தான் முடிந்தது. அடுத்த முறை முட்டை சேர்த்தேன், அதற்கடுத்த முறை ரொட்டித்தூள். விழவில்லை, ஆனால் கறியின் ருசி போய் மாவின் ருசி வந்துவிட்டது. உண்மையில் இவை இரண்டுமே தேவையில்லை. ஒட்ட வைக்கும் பசை கறிக்குள்ளேயே இருக்கிறது.

அந்தப் பசையின் பெயர் மயோசின். தசை சுருங்கக் காரணமான புரதம் இது. தசை இழைக்குள் கட்டுக்கட்டாக இறுகிக் கிடக்கும். வெறும் தண்ணீருக்கு அசையாது, உப்புக்குத்தான் இளகும். அரைக் கிலோ கைமாவுக்கு 8 கிராம் உப்பு, அதாவது பொடி உப்பில் ஏறக்குறைய ஒன்றேகால் தேக்கரண்டி போட்டுப் பிசைந்தால், மயோசின் கரைந்து கறித்துணுக்குகளின் மேல் பிசுபிசுவென்று படரும். நாலைந்து நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். ஓர் உருண்டையை உள்ளங்கையில் ஒட்டிக் கையைக் கவிழ்த்துப் பாருங்கள். விழாமல் தொங்கினால் பதம் வந்துவிட்டது.

அப்புறம் சூடு. 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மயோசின் மூலக்கூறுகள் சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அந்த வலைக்குள் நீரும் கொழுப்பும் சிக்கிக்கொள்ளும். முட்டையின் வெள்ளைக்கரு வெந்து கெட்டியாவதும் ஏறக்குறைய இப்படித்தான். பர்கருக்கு இது நேர் எதிர்: அங்கே கறி பொலபொலவென்று உதிர வேண்டும் என்பதால், சுடும் நேரத்தில் மேலே மட்டும்தான் உப்புத் தூவுவார்கள்.

இந்தப் பசைக்கு முதல் எதிரி, இளகிய கொழுப்பு. கெபாபுக்கு ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருந்தால்தான் சாறு இருக்கும். ஆனால் கைச்சூட்டில் அது இளகிக் கறித்துணுக்குகளின் மேல் பூசிக்கொண்டால், புரதம் புரதத்தைப் பிடிக்க முடியாது. எனவே கைமா ஃபிரிட்ஜிலிருந்து நேராக வர வேண்டும். கையையும் குளிர்ந்த நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். பிசைந்ததை மறுபடி ஒரு மணி நேரம் குளிரில் வைத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது எதிரி வெங்காயம். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். துருவிப் பிழிந்த பிறகே சேருங்கள்.

மூன்றாவதைப் பலர் நண்பன் என்றே நினைக்கிறார்கள்: பப்பாளிக்காய். அதிலுள்ள பப்பைன் என்ற நொதி புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டும். முழுத் துண்டுக் கறிக்கு அது வரம். கைமாவைத்தான் ஏற்கெனவே இயந்திரம் வெட்டிவிட்டதே, இன்னும் எதை மென்மையாக்குவது? பப்பைன் வெட்டுவது அந்த மயோசின் பசையைத்தான். போதாக்குறைக்கு, அடுப்பில் சூடு ஏற ஏற முதலில் அதன் வேகமும் கூடும். கூழாகிக் கழன்று விழும் கெபாப்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம் என்பேன்.

கம்பி தட்டையாக இருக்கட்டும். உருண்டைக் கம்பியைத் திருப்பினால் கம்பி மட்டும் சுழலும், கறி நின்ற இடத்திலேயே நிற்கும். தணல் நன்றாகக் கனிந்திருக்க வேண்டும். மேற்பரப்பின் ஈரம் வற்றி 140 டிகிரியைத் தாண்டும்போதுதான், அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வேகமாக வினைபுரிந்து அந்தப் பழுப்பு நிறமும் மணமும் வரும். 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் பெயரால் மயார் வினை என்கிறார்கள். அடிப்பக்கம் இறுகும்வரை திருப்ப அவசரப்படாதீர்கள்.

வெந்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் வெளிப்புறத்தில்தான் இருக்கும். அரைக்கும்போது அவை உள்ளேயும் கலந்துவிடுகின்றன. ஆகவே ஆடு, மாட்டுக் கைமாவின் நடுப்பகுதி 71 டிகிரியையும், கோழிக் கைமா 74 டிகிரியையும் தொட வேண்டும். அதற்கு மேலும் விட்டுவைத்தால் புரத வலை இறுகிச் சாற்றைப் பிழிந்து தள்ளிவிடும். வெப்பமானியைக் கெபாபின் முனையிலிருந்து நீளவாக்கில், கம்பியில் முட்டாமல் செருகுங்கள். கம்பியைத் தொட்டால் அது காட்டுவது கம்பியின் சூட்டைத்தான்.